எந்த மாடிக்கு

அந்தக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டதாகத் தெரியவில்லை. 'வக்கீலம்மா கடை' என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். வக்கீலம்மா சட்டம் படித்தவள் அல்ல. கடையின் உரிமையாளரும் அல்ல. டிரை கிளீனிங் கடையின் முன்மேசையில் நின்று, வரும் துணிகளை வாங்கி, கறைகளை விசாரித்து, அடையாளச் சீட்டைக் குத்தி உள்ளே அனுப்புவதே அவள் வேலை.

விசாரணை என்பது சற்றும் மிகையான சொல் அல்ல. ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு மருந்து; இன்னதென்று தெரியாமல் மருந்தைப் போட்டால் கறை இருக்கும், துணி போய்விடும். துணி கொண்டுவருகிறவர்களோ கறையைப் பற்றி வாய் திறப்பதில்லை. "ஏதோ பட்டுடுச்சு" என்பார்கள். "ஏதோன்னு ஒரு கறை கிடையாது சார். என்ன பட்டுச்சு, எப்ப பட்டுச்சு, பட்டதும் என்ன செஞ்சீங்க?" என்று அவள் தொடங்குவாள். ஒருமுறை ஒருவர் காலரில் இருந்த சிவப்பைத் தக்காளிச் சாறு என்றார். "தக்காளி காலருக்குப் பின்பக்கம் எப்படி சார் போச்சு?" என்று அவள் கேட்டாள். உடன் வந்திருந்த மனைவி, "நானும் வீட்டுலேருந்து அதைத்தான் கேட்டுட்டு வரேன்" என்றார். அன்றைக்குத்தான் முதலாளி அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தார். இப்படிக் கேள்வி கேட்டாலும், கேட்டுவிட்டு எதிராளியோடு சேர்ந்து அவளும் சிரித்துவிடுவாள். அதற்காகவே இரண்டு தெரு தாண்டி வந்து துணி போடுகிறவர்கள் இருந்தார்கள்.

நாற்பதைத் தொட்டுவிட்ட வக்கீலம்மாவுக்குத் திருமணப் பேச்சு ஒன்றிரண்டு முறை வாசல் வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போயிருந்தது. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா, நகரின் நடுவே ஏழு மாடிகள் கொண்ட ஒரு பெரிய கடையில் கைப்பிடியைத் திருப்பி லிஃப்ட் இயக்கியவர். பணி ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் அவர் லிஃப்ட்காரர்தான். காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, நகரத்துக்குள் நடக்கப் போய்விடுவார். இருட்டுவதற்கு முன் திரும்புவார்.

கடையில் இருக்கும் வக்கீலம்மாவை அறிந்தவர்கள் அந்த வீட்டின் மாலை நேரத்தைக் கண்டால் நம்பமாட்டார்கள். சதுர மேசை; எதிரெதிராக இரண்டு நாற்காலிகள்; நடுவில் இரண்டு தட்டுகள்.

"எங்கப்பா போயிட்டு வந்தீங்க?"

"சும்மா, இப்படித்தான்."

"இப்படின்னா எப்படி? மார்க்கெட் பக்கமா, ஆத்துப்பாலம் பக்கமா?"

"அப்படித்தான்."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அதற்கு மேல் அவர் தட்டைப் பார்த்துக்கொள்வார். பேச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை எங்கோ போட்டுவிட்ட மனிதர் போலிருக்கும். அம்மா இருந்தவரை இப்படி இல்லை என்பது அவளுக்கு மங்கலாக நினைவிருந்தது. அம்மா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி ஒரு சொல், ஒரு பெருமூச்சு, 'அவ இருந்தா' என்ற தொடக்கம்கூட அப்பாவிடமிருந்து வந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் ஜன்னலுக்கு எதிரே ஒரு பழைய பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அம்மா போன பிறகு, முகம் பார்த்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று வக்கீலம்மா அந்தப் பெஞ்சைக் கழித்துவிட்டு, இந்தச் சதுர மேசையை வாங்கிப் போட்டாள். முகம் பார்க்க முடிந்தது. பேச்சுதான் வரவில்லை.

இந்த நிலையில்தான் பல் ஆஸ்பத்திரிப் பெண் கடைக்கு வரத் தொடங்கினாள்.

வேலைக்காக இந்த நகரத்துக்குப் புதிதாக வந்தவள். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். வாரந்தோறும் வெள்ளைக் கோட்டுகளைக் கொண்டுவந்து போடுவாள். "நாள் பூரா வாயைத் திறந்து வச்சிருக்கிறவங்களைத்தான் அக்கா பாக்கிறேன். ஒருத்தராவது பேசணுமே" என்று முதல் நாளே சொல்லிச் சிரிக்க வைத்தாள். விடுமுறை நாளில் அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், கால் போன போக்கில் ஊரைச் சுற்றுவாள். அப்படிச் சுற்றும்போது முன்பின் அறியாத கிழவர்களும் கிழவிகளும் எப்படியோ அவள் பக்கம் வந்து சேர்ந்துவிடுவார்கள். கோட்டோடு அந்தக் கதைகளும் மேசைக்கு வரும்.

செருப்புக் கடைக் கண்ணாடி முன் நின்ற ஒரு பாட்டியம்மா இவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாராம். "எனக்குக் கால் வீங்கிக் கிடக்கு. அந்த சிவப்புச் செருப்பை நீ போட்டு நாலு அடி நடந்து காட்டு, நான் பாத்துக்கிறேன்" என்றாராம். இவள் நடந்து காட்டினாள். பாட்டியம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த வயசுல வேண்டாம்" என்று கிளம்பிவிட்டாராம். பூங்காவில் தனக்குத்தானே சதுரங்கம் ஆடும் ஒரு தாத்தா, கழிப்பறைக்குப் போகும் அவசரத்தில் இவளைக் காவல் வைத்துவிட்டு, "எதிராளி ஏமாத்துற ஆளு, காயை நகத்தாம பாத்துக்கோ" என்றாராம். எதிர்ப்பக்க நாற்காலியில் ஒருவருமே இல்லை.

வக்கீலம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் வரும் நாளை எதிர்பார்க்கக்கூடத் தொடங்கினாள். பிறகு ஒரு நாள் அந்தப் பெண், "இந்த வாரம் ஒரு லிஃப்ட்காரர் தாத்தா கிடைச்சாருக்கா" என்றாள்.

வக்கீலம்மாவின் கையில் இருந்த சீட்டு, ஊசியோடு அப்படியே நின்றது.

"பெரிய தபால் ஆபீசுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கில்ல, அங்க பெஞ்சுல உக்காந்திருந்தார். நான் பக்கத்துல போய் உக்காந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம, ரோட்டைப் பாத்துக்கிட்டே, 'எந்த மாடிக்கு?'ன்னார். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. 'மூணு'ன்னு சும்மா சொன்னேன். உடனே, 'மூணாவது மாடி. பாத்திரம், பண்டம், கண்ணாடிச் சாமான். கதவு சாத்துது, கையை உள்ள வச்சுக்கோங்க'ன்னுட்டு ஒரு கதை சொன்னாரு பாருங்க. மூணு மாடி போற நேரத்துக்கு மூணு மாடி கதை. முடிஞ்சதும், 'மூணு வந்தாச்சு, இறங்குங்க'ன்னுட்டார். அதுக்கு மேல என்ன கேட்டாலும் சிரிப்புதான்."

"என்ன சட்டை?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"என்னது?"

"அந்த தாத்தா. என்ன சட்டை போட்டிருந்தார்? கண்ணாடி உண்டா? கைக்கடிகாரம் எந்தக் கையில?"

"அக்கா, நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல. போலீஸ்ல இருக்கணும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஆனாலும் சொன்னாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. வலது கையில் கடிகாரம். இடது கை எப்போதும் முழங்காலுக்கு மேலே, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்திருப்பது போல.

நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையைப் போன விடுமுறை நாள் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தது வக்கீலம்மாதான்.

'அது எங்கப்பா' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதுதானே' என்று அந்தப் பெண் அத்தோடு நிறுத்தியிருப்பாள். தெரியாது என்பதுதான் விஷயம். மகளுக்கு வராத கதை ஊரார் பெண்ணுக்கு வாரி வழங்கப்படுகிறது. அதை மகள் கடைமேசையில் நின்று, கோட்டு எண்ணுகிற சாக்கில், அந்நியர் போலக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறர் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். பெற்ற அப்பாவின் பேச்சைப் பார்த்துப் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவள் கேள்விகளைக் கூட்டினாள். தபால் ஆபீஸ் பக்கம் போனதுண்டா, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததுண்டா, யாரிடமாவது பேசியதுண்டா. "எப்பவாச்சும்" என்றார் அப்பா. தண்ணீர் குடித்தார். எழுந்து போனார்.

அடுத்தடுத்த வாரங்களில் கதைகள் வளர்ந்தன. லிஃப்டில் ஏறி, இறங்க மறந்து, மூலையிலேயே நின்று தூங்கிய மாப்பிள்ளையின் கதை ஒரு வாரம் வந்தது. முதுகைக் காட்டி நிற்க வேண்டும், வாடிக்கையாளர் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் கடையின் விதியாம். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வாராம். அது ஒரு வாரம் வந்தது. ஒவ்வொன்றையும் வக்கீலம்மா சிரித்த முகத்தோடு கேட்டாள். சீட்டுகளை வேண்டியதைவிட அழுத்திக் குத்தினாள். "ஊசி துணிக்குக் குத்தறதும்மா, மேசைக்கு இல்ல" என்றார் முதலாளி, உள்ளிருந்தபடி.

குளிர் தொடங்கிய ஒரு வாரம், பல் ஆஸ்பத்திரிப் பெண் கோட்டுகளை மேசையில் வைத்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இந்த வாரம் அஞ்சாவது மாடி கேட்டேன். அவரோட சம்சாரத்தைப் பத்திச் சொன்னார்."

வக்கீலம்மா சீட்டையும் ஊசியையும் மேசையில் வைத்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்குக் கேள்வி வரவில்லை.

"அந்தம்மா சின்ன வயசுல ஒரு நாள் செருப்பு டப்பாவோட லிஃப்ட்ல ஏறியிருக்காங்க. 'எந்த மாடிக்கு?'ன்னார். 'ஏழு'ன்னாங்களாம். ஏழாவது மாடியிலதான் குறை சொல்லுற இடம் இருந்துச்சாம். ஏழு வந்துச்சு, கதவு திறந்துச்சு, அவங்க இறங்கவே இல்ல. 'கீழ போங்க'ன்னாங்களாம். கீழ வந்து மறுபடி 'ஏழு'. மறுபடி இறங்கல. விஷயம் என்னன்னா, டப்பாவுக்குள்ள ரெண்டுமே இடது கால் செருப்பு. மாத்தித் தாங்கன்னு கேக்க பயம். அவ்வளவு கூச்சம்."

"கூச்சமா?" என்றாள் வக்கீலம்மா. அவளறிந்த அம்மா, மாடியில் நின்று ஒரு சத்தம் போட்டால் தெருமுனை வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஆமாக்கா. மூணாவது தடவை ஏறினப்ப இவர் சொன்னாராம், 'நான் திரும்பிப் பாக்க மாட்டேன். மேல சொல்ல வேண்டியதை என் முதுகுகிட்ட சொல்லிப் பழகிக்கோங்க'ன்னு. ஒண்ணாவது மாடியில அவங்க குரலே வெளிய வரல. ரெண்டுல கொஞ்சம் வந்துச்சு. மூணுல, 'என்ன சார் கடை நடத்துறீங்க'ன்னாங்களாம். நாலுல, 'உங்க வீட்டுல எல்லாருக்கும் ரெண்டு காலும் இடதா'ன்னாங்களாம். அஞ்சாவது மாடிக்குள்ள அவரை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்களாம். அப்பதான்..."

"அப்ப?"

"'அஞ்சு வந்தாச்சு, இறங்குங்க'ன்னுட்டார். மீதி சொல்லவே இல்ல." அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். பிறகு பைக்குள் கையை விட்டு, "இன்னொண்ணுக்கா" என்று ஒரு மஃப்ளரை எடுத்து விரித்தாள்.

சாம்பல் நிறம், பழுப்பு ஓரம். ஓரத்தில் அந்து கடித்த இடத்தில் வக்கீலம்மா தன் கையாலேயே இழையெடுத்துத் தைத்த ஒட்டு. போன குளிருக்கு அப்பாவுக்கு அவள் வாங்கித் தந்தது.

"காத்து பலமா அடிச்சுது. எனக்குக் குளிருதுன்னு தன் கழுத்துலேருந்து எடுத்துக் குடுத்தார். குடுத்த கையோட, அவர் கையில இருந்த டீ அப்படியே இதுமேல கொட்டிடுச்சு. பாவம் வயசானவர், கை நடுங்குது போல. நீங்கதான் நல்லா எடுத்துக் குடுக்கணும். அடுத்த வாரம் அவர்கிட்ட திருப்பிக் குடுக்கணும்."

அப்பாவின் கை நடுங்காது. கைப்பிடியைப் பிடித்துப் பழகிய அந்தக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தி அவள் கண்டதில்லை. வேறு நாளாக இருந்தால் வக்கீலம்மா இந்த இடத்தில் விசாரணையைத் தொடங்கியிருப்பாள். அன்று அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்: தான் வாங்கித் தந்த மஃப்ளர், வேறொருத்தி கழுத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அம்மாவைக் கொடுத்தாயிற்று, மஃப்ளரையும் கொடுத்தாயிற்று, மிச்சம் என்ன இருக்கிறது, வீட்டுச் சாவியா?

"போட்டுட்டுப் போ" என்றாள். "எடுத்துத் தரேன்."

அன்றைக்கே கறை போய்விட்டது. தேநீர்க் கறையெல்லாம் அவளுக்கு ஒரு கறையா? சலவை முடிந்து வந்த மஃப்ளரை மடித்து, அடையாளச் சீட்டோடு மேசையின் கீழ் அறையில், தன் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தாள்.

வீட்டில், "மஃப்ளர் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கும்மா."

ஏதோ ஒரு சிரிப்பு அவர் உதட்டோரம் வந்து போனது போலிருந்தது. அது அவளை மேலும் எரித்தது.

அடுத்த வாரம் பல் ஆஸ்பத்திரிப் பெண் வந்து மஃப்ளரைக் கேட்டாள்.

"இன்னும் வரல. மெஷின் ரிப்பேர்" என்றாள் வக்கீலம்மா.

"எந்த மெஷின்?" என்று உள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"உங்களைக் கேக்கல சார்."

"வக்கீலம்மாவே பொய்ச் சாட்சி சொன்னா நாங்க எங்க போய் நிக்கிறது" என்றார் அவர். அந்தப் பெண் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வாரமும் மெஷின் ரிப்பேர்தான். இம்முறை அந்தப் பெண் சற்றுத் தயங்கி நின்றாள். "தாத்தாகிட்ட சொன்னேன்க்கா, மன்னிச்சுக்கோங்க, கடையில மெஷின் ரிப்பேராம்னு. அவர் அப்படிச் சிரிச்சார். 'அந்தக் கடை மெஷின் அப்படித்தாம்மா, கோவம் வந்தா நின்னுடும்'னார். எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்கு அவரைத் தெரியுமா என்ன?"

வக்கீலம்மா சீட்டைக் குத்தினாள். ஊசி அவள் விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, தெரியாது என்பது போலத் தலையசைத்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. மஃப்ளர் இந்த மேசைக்குக் கீழே கிடப்பதும், கிடப்பதன் காரணமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தினமும் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவர் போலச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அவளாலும் கேட்க முடியவில்லை. கேட்டால் தன் களவு முதலில் வெளிவரும். அந்த வாரம் முழுதும் சதுர மேசையில் தட்டுச் சத்தம் மட்டுமே கேட்டது. அவள் கேள்விகளை நிறுத்தியதை அப்பா கவனித்தார். இரண்டொரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

விடுமுறை நாள் வந்தது. அப்பா கிளம்பிச் சற்று நேரம் கழித்து, வக்கீலம்மா மஃப்ளரைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். பல் ஆஸ்பத்திரிப் பெண் வருவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். பெரிய தபால் ஆபீசை நெருங்கும்வரை, போய் நின்று என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன குறை வைத்தேன்? அவளுக்கு மட்டும் அம்மாவைக் கொடுத்தீர்களே, ஏன்?

பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் சொன்னது அச்சு அசலாக இருந்தது: ரோட்டைப் பார்த்த முகம், முழங்காலுக்கு மேலே இடது கை. எதிரே போய் நிற்கலாம் என்றுதான் அவள் வந்தாள். ஆனால் பெஞ்சுக்கு எதிரே இருந்தது சாலை. பஸ்களும் லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எதிரே நிற்க இடமில்லை. வேறு வழியின்றி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பவில்லை. காலடிச் சத்தத்தில் ஆளை அறிகிறவருக்கு, தன் வீட்டில் தினமும் கேட்கும் காலடி தெரியாதா?

"எந்த மாடிக்கு?" என்றார்.

வரிசைப்படுத்திய கேள்விகள் அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒன்றைக் கேட்டாலும் இந்த வாசல் மூடிவிடும் என்று ஏனோ தோன்றியது. அதிகமாகக் கேட்கவும் துணிவில்லை.

"ரெண்டு" என்றாள்.

"ரெண்டாவது மாடி. திரைச்சீலை, படுக்கை விரிப்பு. கதவு சாத்துது, கையை உள்ள வச்சுக்கோங்க." சற்று நிறுத்தினார். "ரெண்டு மாடிக்குச் சின்னக் கதைதான் வரும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"எனக்கு ஒரு மக இருக்கா. சலவைக் கடையில வேலை. கெட்டிக்காரி. நான் வீட்டுக்குப் போற வழியில, அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போவேன். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் என்னமா சிரிப்பா. அந்தச் சிரிப்பு அவங்கம்மா சிரிப்பு. வீட்டுக்கு வந்தா எனக்கு அது கிடையாது. எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா. கறை பட்ட சட்டை மாதிரி என்னைப் புரட்டிப் புரட்டிப் பாப்பா. நான் வாழ்நாள் பூரா யார் முகத்தையும் பாத்துப் பேசாம பிழைச்சவன். எதிர்ல உக்காந்து முகத்தையே பாத்தா எனக்குப் பேச்சு எங்கேருந்து வரும்?"

ஒரு பஸ் வந்து நின்று, நாலைந்து பேரை இறக்கிவிட்டுப் போனது.

"அந்தக் கடைக்குத் துணி கொண்டு வர்றவங்க மேல எனக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல். நாமளும் ஒரு கோட்டை எடுத்துட்டு வரிசையில போய் நின்னா என்னன்னுகூடத் தோணிச்சு. ஆனா என்கிட்ட கோட்டு இல்ல. ஒரு மஃப்ளர்தான் இருந்துச்சு."

வக்கீலம்மா பைக்குள் கையை விட்டு மஃப்ளரைத் தொட்டாள்.

"ஒரு பொண்ணு இங்க வரும். அதோட வெள்ளைக் கோட்டு அந்தக் கடைக்குத்தான் போகுதுன்னு பேச்சுவாக்குல சொல்லிச்சு. சரி, நம்ம மஃப்ளரும் போய்ப் பாத்துட்டு வரட்டும்னு குடுத்தேன். கறை இல்லாம குடுத்தா கடையில வாங்க மாட்டாங்களேன்னு கொஞ்சம் டீயை ஊத்தினேன். அதைப் பாத்து மக ஏதாவது பதில் சொல்லி அனுப்புவான்னு உக்காந்திருந்தேன். மெஷின் ரிப்பேர்னு பதில் வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கடைமேசையில் கேட்கும் அதே சிரிப்பு, பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெஞ்சில் கேட்டது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே தலையை லேசாகச் சாய்த்து, அது முடியும்வரை கேட்டார்.

"ரெண்டு வந்தாச்சு" என்றார் பிறகு. "இறங்குங்க."

இன்னும் இரண்டு மாடி என்று கேட்க நா துடித்தது. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் அவர் கதவைத் திறந்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. மஃப்ளரை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டு எழுந்தாள்.

"சீட்டைக் கழட்டலையே" என்றார் அவர், ஓரத்தைத் தடவிப் பார்த்து.

"இருக்கட்டும். யாரோடதுன்னு தெரியணும்ல."

நான்கு அடி நடந்திருப்பாள். எதிர்ப்புறம் பல் ஆஸ்பத்திரிப் பெண் கையில் ஒரு பொட்டலத்தோடு சாலையைக் கடந்து வருவது தெரிந்தது. வக்கீலம்மா ஒரு புத்தகக் கடை வாசலில் ஒதுங்கி நின்று பார்த்தாள். அந்தப் பெண் நேராகப் போய், வக்கீலம்மா எழுந்துவந்த இடத்திலேயே, இன்னும் சூடு ஆறியிராத அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கழுத்தைப் பார்த்து ஏதோ வியந்து கேட்டாள். அப்பா ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். சுருக்கென்றது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. எந்த மருந்துக்கும் அசையாத கறைகள் சில உண்டு. அவற்றைக் கண்டால் அவள் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். இதையும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் சதுர மேசையைத் தள்ளி ஜன்னலோரச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். எதிரெதிராக இருந்த நாற்காலிகளில் தன்னுடையதை இழுத்து வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடிக்கொடியில் யாருடைய சட்டையோ ஆடிக்கொண்டிருந்தது. அம்மா இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

வெயில் சாய்ந்தபோது அப்பா வந்தார். மேசை இடம் மாறியதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மஃப்ளர் கழுத்திலேயே இருந்தது, சீட்டும் இருந்தது. அவள் இரண்டு தட்டுகளையும் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. இருவரும் கொடியில் ஆடிய சட்டையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் அப்பாவின் இடது கை மேசைமேல் வந்து, இல்லாத கைப்பிடியைப் பிடித்தது.

"எந்த மாடிக்கு?" என்றார்.

வக்கீலம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"அந்தப் பொண்ணுக்கு, அம்மா கதை எத்தனை மாடி வரைக்கும் சொன்னீங்க?"

"அஞ்சு."

"அப்ப எனக்கு ஏழு."

"ஏழாவது மாடியில குறை சொல்லுற இடம்தான் இருக்கு" என்றார் அப்பா.

"தெரியும். எனக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."

அவர் திரும்பவில்லை. மஃப்ளரின் சீட்டை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"கதவு சாத்துது" என்றார். "கையை உள்ள வச்சுக்கோம்மா."